என்கோடரும் ரோஸி அக்காவும்

இனிமேல் என் தோளில் சேலை ஏறாது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பசியாறிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். சத்தமாக இல்லை. மனசுக்குள்தான். எங்கள் வீட்டில் நான் எடுக்கும் முடிவுகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

என் பெயர் அம்புரோஸ். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை. எந்த லோரி எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு. மலை மாதிரி லோரிகள் என் கையசைவுக்குப் பின்னால் போகும், முன்னால் வரும். வீட்டுக்கு வந்துவிட்டால் முன்னாலும் பின்னாலும் போவது நான்.

என் மனைவி சாந்தமேரி சேலை வியாபாரம் செய்கிறாள். கடை கிடையாது. கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டு ஹால்தான் கடை. சனிக்கிழமை சாயங்காலமானால் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கைப்பேசியை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, பேஸ்புக்கில் லைவ் போடுவாள். கோலாலம்பூர், ஷா ஆலம், சுங்கை வே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பெண்கள் பார்ப்பார்கள். பிடித்த சேலையின் நம்பரைத் தட்டுவார்கள். வாரம் பிறந்ததும் பார்சல் போகும்.

அந்த லைவில் சேலையைப் போட்டுக் காட்டும் தோள் என்னுடையது.

முதல் நாள் "சும்மா அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட ஐந்து நிமிஷங்கள் எதுவும் இன்னும் முடியவில்லை. கறுப்பில் முழுக்கை டீ-சட்டை ஒன்றை மாட்டிவிட்டாள். கேமராவைக் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே என்று நிறுத்தினாள்.

"என் முகம் தெரியலையே" என்றேன்.

"முகம் வியாபாரத்துக்கு வேண்டாம்" என்றாள்.

படம் வேறு எப்போதும் பனிமூட்டம் மாதிரி இருக்கும். அந்த மூட்டத்தில் நான் ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு அம்மா கமெண்டில் கேட்டார்: "மாடல் அக்கா நல்ல உயரம். பேர் என்ன?"

சாந்தமேரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ரோஸி. கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றாள்.

அம்புரோஸில் அம்பை அவள் எடுத்துக்கொண்டாள். ரோஸை எனக்கு விட்டாள்.

அதன் பிறகு ரோஸிக்கு ரசிகைகள் சேர்ந்துவிட்டார்கள். ரோஸிக்கு மாம்பழ நிறம் எடுப்பாக இருக்கிறதாம். ரோஸி நிற்கும் நிலையில் ஒரு அடக்கம் தெரிகிறதாம். ஷா ஆலத்தில் ஒரு ஆன்டி, தன் தம்பிக்கு ரோஸியைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டார். "அவங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு ஆன்டி, வீட்டுல ஒருத்தர் கஷ்டப்படுறாங்க" என்று சாந்தமேரி பதில் சொன்னாள். அந்த ஒருத்தர் யார் என்பதில் எங்கள் இருவருக்கும் வேறு வேறு கருத்து.

இந்த நிலையில்தான் அந்தத் திங்கட்கிழமை சுங்கை வேயிலிருந்து உஷாராணி போன் செய்தாள். நெடுநாள் வாடிக்கையாளர். சாந்தமேரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் கேட்டது கட்டம் போட்ட சேலை. வந்திருக்கிறது பிளேன்."

"உஷா, எங்கிட்ட கட்டம் போட்ட சேலையே கிடையாதும்மா."

"இருந்துச்சு அக்கா. என் கண்ணால பார்த்தேன். ரோஸி அக்கா திரும்புறப்பல்லாம் சேலை முழுக்கக் கட்டம் கட்டமா வந்துச்சு. நின்னா மறைஞ்சிருச்சு. ஏதோ புது டிசைன்னு நினைச்சுத்தான் ஆர்டர் பண்ணேன்."

சாந்தமேரி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க திரும்புனா படம் உடையுதாம்."

"நான் என்ன லோரியா?"

"மெதுவா திரும்புங்கன்னு எத்தன தடவ சொன்னேன்."

அந்த வாரம் இன்னும் சில பார்சல்கள் திரும்பி வந்தன. சாம்பல் என்று நினைத்தது நீலமாம். நீலம் என்று நினைத்தது பச்சையாம். வந்த பார்சல்கள் சோபாவில் உட்கார்ந்தன. நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். தீபாவளிக்கு என்று அவள் மொத்தமாக எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலைகள் அறையில் கூரை வரை இருந்தன.

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடைக்காரங்க லைவ் போடுறாங்க. படம் கண்ணாடி மாதிரி இருக்கு. எல்லாரும் அங்க போய்ட்டா, இதையெல்லாம் நான்தான் கட்டிக் கிழிக்கணும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. அது நிஜம். வாடிய முகத்தோடு அவள் சமைக்க மறந்துவிடுவாள் என்பதும் நிஜம்.

மறுநாள் கிடங்கில் காலேபிடம் கேட்டேன். காலேப் என்னோடு வேலை செய்கிறவன். அவன் போகும் மெதடிஸ்ட் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையை லைவில் விடுவது அவன்தான்.

"அண்ணே, உங்க போன் ஒரே ஆளா மூணு வேலை செய்யுது" என்றான். "படம் பிடிக்குது, பிடிச்சதச் சுருக்குது, சுருக்கினத அனுப்புது. கொஞ்ச நேரத்துல சூடாயிரும். அந்த நேரம் பார்த்து நீங்க சேலைய ஆட்டுனா, அதால சுருக்க முடியாம கட்டம் கட்டமா கொட்டிரும்."

"அதுக்கு என்ன செய்யறது?"

"வெளிய தனியா ஒரு பெட்டி வைங்க. என்கோடர்னு பேரு. நல்ல கேமராவுல இருந்து படத்த வாங்கி, அதுவே சுருக்கி, வயர் வழியா இன்டர்நெட்டுக்குக் குடுத்துரும். அதுக்கு அது ஒண்ணுதான் வேலை."

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் பொறாமையாக இருந்தது.

"பக்கத்துல யாராச்சும் உட்கார்ந்து பார்த்துக்கணுமா?"

"வேணாம் லா. நான் ஆன் பண்ணிட்டுக் கொயர்ல போய் நின்னு பாடுவேன். அது பாட்டுக்கு ஓடும்."

அந்த இடத்தில்தான் என் திட்டம் பிறந்தது. யாரும் பார்க்கத் தேவையில்லாத ஒரு பெட்டி. அதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சாந்தமேரியிடம் சொல்லிவிட்டால், பார்க்கிறவன் எங்கே இருப்பான்? பின் அறையில் இருப்பான். மின்விசிறிக்குக் கீழே இருப்பான். கையில் மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் இருக்கும். முன்னால் பேட்மின்டன் ஓடும். தோளில் துண்டைத் தவிர வேறு துணி இருக்காது.

சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மேரி, என்கோடர்..."

"எங்க ஓடறீங்க?"

"ஓடல. என்கோடர்."

"அதான் கேக்குறேன், எங்க?"

மனசுக்குள் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டாளோ என்று ஒரு கணம் திக்கென்றது. அப்புறம் நிதானமாக ஆரம்பித்தேன்.

"படம்ங்கிறது சேலை மாதிரி. விரிச்சபடி அனுப்ப முடியுமா? மடிச்சாத்தான் பார்சல் பையில போகும். இப்ப உன் போன் என்ன பண்ணுது, அவசரத்துல சுருட்டித் திணிக்குது. அந்தப் பக்கம் கசங்கிப் போய்ச் சேருது. இந்தப் பெட்டி ஒழுங்கா மடிச்சு அனுப்பும்."

கத்தியை நிறுத்தினாள். "நீங்க மடிக்கிற மாதிரியா, நான் மடிக்கிற மாதிரியா?"

"நீ மடிக்கிற மாதிரி."

"அப்ப வாங்கலாம்."

"ஆனா ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. பெட்டியில பிட்ரேட்னு ஒரு நம்பர் ஓடும். அது எறங்கக் கூடாது. எறங்குனா உடனே ஒரு ஆள் சரி பண்ணணும். லைவ் முடியிற வரைக்கும் பக்கத்துல இருந்து எழுந்திரிக்கவே முடியாது."

"எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"தட்டுவேன்."

"தட்டுனா ஏறிருமா?"

"பழகுன கை தட்டுனா ஏறும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயம் உரித்த கண், ஈரமாக இருந்தது. அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"அப்ப சேலைய யார் மேல போட்டுக் காட்டுறது?"

"பொம்மை வாங்கிக்கலாம். கடையில நிக்குமே, அந்த மாதிரி."

"சரி" என்றாள்.

இத்தனை சுலபமாக அவள் எனக்குச் சரி சொன்னது, கல்யாணத்தன்று சர்ச்சில் ஃபாதர் கேட்டபோது. அதற்குப் பிறகு இப்போதுதான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பெட்டி வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வனேசா விட்டுப்போன கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்தேன். கேமராவிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியிலிருந்து பின் அறையில் இருந்த ரௌட்டருக்கு ஒரு வயர். பெட்டியையும் பின் அறையிலேயே வைப்பதால், கேமரா வயரை ஹாலிலிருந்து அங்கே வரை சுவரோரமாக இழுக்க வேண்டும். ஏணி போட்டேன். சுவரில் துளை போட்டேன்.

"ட்ரில்ல கையில எடுத்துட்டீங்க. அப்படியே அந்தத் திரைக் கம்பியையும் மாட்டிருங்க" என்றாள்.

மாட்டினேன்.

"அடுப்படி ஷெல்ஃபு ஒண்ணு ஆடுது."

அதையும் மாட்டினேன். கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் தொங்கவிட ஒரு கொக்கியும் போட்டேன். சுதந்திரம் சும்மா கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை பெட்டியை ஆன் செய்தோம். நான் எதிர்பார்த்ததைவிடப் பிரமாதமாக இருந்தது. பட்டின் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. ஜரிகை ஜரிகையாகவே இருந்தது. மயில் கழுத்து நிறம் மயில் கழுத்து நிறமாகவே போய்ச் சேர்ந்தது. உஷாராணி கமெண்ட் போட்டாள்: "அக்கா, உங்க தோட்டுல கல்லு இருக்கா? இத்தன நாளா தெரியவே இல்லையே." சாந்தமேரி சிரித்துக்கொண்டே காதைத் தொட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. பின் அறைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நானே கறிபாப்பைக் கடிக்க மறந்துவிட்டேன்.

பிட்ரேட் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அதுபாட்டுக்கு ஓடியது. நான்பாட்டுக்கு பேட்மின்டன் பார்த்தேன். அவ்வப்போது ஹாலுக்குக் கேட்கும்படி மேசையைத் தட்டினேன்.

லைவ் முடிந்ததும் வந்தாள்.

"படம் நல்லா இருக்கு. ஆனா எல்லாரும் ரோஸி எங்கன்னு கேக்குறாங்க. பொம்மையில உயிரே இல்லையாம்."

எனக்கு இருந்ததா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. "ரோஸி ஊர் மாறிப் போய்ட்டான்னு சொல்லிரு" என்றேன்.

"சரி" என்றாள். மறுபடியும் சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பேட்மின்டன் அரையிறுதி ஆட்டம். இரட்டையர் பிரிவில் நம்ம பையன்கள். பக்கத்து வீட்டு வேலாயுதம் மதியமே வேலிப் பக்கம் வந்து கூப்பிட்டான்.

"மாமாக் சாப்பாட்டுக் கடையில பெரிய ஸ்கிரீன் போடுறான். வரியா?"

"எனக்கு டியூட்டி இருக்கு."

"என்ன டியூட்டி?"

சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது. "யாரும் பார்க்க வேணாம்கிற பெட்டிய நீ எங்க இருந்து பார்க்காம இருந்தா என்ன?" என்றான்.

நியாயமான கேள்வி. சாயங்காலம் பெட்டியை ஆன் செய்தேன். பின் அறைக் கதவைச் சாத்தினேன். மேசை விளக்கை எரியவிட்டேன். பின்வாசல் வழியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தில் இறங்கிவிட்டேன்.

மாமாக் கடையில் கூட்டம். நுரை தளும்பத் தே தாரேக் டீ வந்தது. முதல் செட் நமக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது செட் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது வேலாயுதத்தின் போன் அடித்தது. அவன் மனைவி லெட்சுமி. வீட்டிலிருந்து எங்கள் லைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வேலாயுதம் என்னிடம் சொன்னான். "உன் வீட்டுல லைவ்ல சொல்றாங்களாம், இன்னும் கொஞ்ச நேரத்துல ரோஸி வராங்கன்னு."

"எந்த ரோஸி?"

"ஒரே ரோஸிதானே இருக்கா?"

"அந்த ரோஸி நான்தானே லா."

"அப்ப இவ வேற ஆளா இருக்கும்."

எனக்கு ஆட்டத்தில் மனசு ஒட்டவில்லை. யாரையோ பிடித்து வந்துவிட்டாள். என் சட்டையைப் போட்டு, என் இடத்தில் நிறுத்தி, ரோஸி என்று சொல்லப் போகிறாள். வேண்டாம் என்று விட்டுவந்த வேலைதான். ஆனாலும் மாம்பழ நிறம் யாருக்கு எடுப்பாக இருந்தது? அந்த அடக்கம் யாருடையது? அது ஒரே நாளில் இன்னொருத்திக்கு வந்துவிடுமா?

"போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன்.

"மேட்ச் பாயின்ட் வரப்போகுது."

"அங்கயும்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பின்வாசல் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினேன். அறைக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றேன். என் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது. முதுகை எனக்குக் காட்டி, தோளில் என் துண்டு, காதில் என் ஹெட்போன். கையை மேசைமேல் வைத்துத் தட்டுவதற்குத் தயாராக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பொம்மை.

பெட்டியைக் காணவில்லை. ரௌட்டர் மட்டும் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒரு புது நீள வயர் கதவுக்கு அடியில் ஹால் பக்கம் போனது. பெட்டி எங்கே என்ற பதற்றத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. குனிந்து, வயரைக் கையால் தடவிக்கொண்டே, கதவைத் திறந்து, அது போன வழியே நானும் போனேன். வயர் ஒரு முக்காலியில் ஏறி, அதன்மேல் இருந்த பெட்டியில் முடிந்தது. நானும் நிமிர்ந்தேன்.

எதிரே கேமரா.

அது கழுத்துக்குக் கீழே நிற்கவில்லை. கால் முதல் தலை வரை ஹால் முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றது.

சாந்தமேரி கேமராவைப் பார்த்து, தினமும் நடக்கிற விஷயம் போலச் சொன்னாள். "நான் சொன்னேன்ல, வந்துருவாங்கன்னு. இவங்கதான் ரோஸி."

சொல்லிக்கொண்டே மாம்பழ நிறப் பட்டு ஒன்றை என் தோளில் போட்டாள். என் தோள் பழக்கதோஷத்தில் தானே உயர்ந்து கொடுத்தது.

முக்காலியில் அவள் கைப்பேசி லைவைக் காட்டிக்கொண்டிருந்தது. பெட்டி படத்தை மடித்து அனுப்பச் சில விநாடி ஆகும் அல்லவா? அதில் ஹாலில் இன்னும் அவள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் கதவு திறந்தது. ஒரு ஆள் வயரைப் பிடித்துக்கொண்டு, ஆடு மாதிரி குனிந்து வந்தான். நிமிர்ந்தான். மீசை, அதில் தே தாரேக் நுரை, கையில் செருப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரே அவமானத்தை இரண்டு தடவை பார்க்கும் வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கமெண்டுகள் கொட்டின. "ரோஸி அக்காவுக்கு மீசையா?" "கிளியரா இருக்கு அக்கா, நுரைகூடத் தெரியுது." உஷாராணி, "அங்கிள், கொஞ்சம் திரும்புங்க, கட்டம் வருதான்னு பார்க்கலாம்" என்றாள். திரும்பினேன். கட்டம் வரவில்லை. ஷா ஆலம் ஆன்டி மட்டும் வெகுநேரம் கழித்து எழுதினார்: "என் தம்பிகிட்ட நான் இப்ப என்ன சொல்றது?"

அன்றைக்கு விற்ற அளவுக்குச் சேலை அதற்கு முன் எந்த வாரமும் விற்றதில்லை. நான் நின்றேன், திரும்பினேன், மறுபடி நின்றேன். தீபாவளிப் பட்டெல்லாம் என் தோள் வழியாகவே ஊர் ஊராகக் கிளம்பியது.

எல்லாம் முடிந்து அவள் கேமராவை அணைத்ததும் கேட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"என்ன?"

"பெட்டிக்கு ஆள் வேணாம்னு."

"நீங்க சொன்ன அன்னைக்கே. காலேப் பொண்டாட்டி வலேரி எங்கிட்ட சேலை எடுக்கிறவங்கதானே. சர்ச்சுல அந்தப் பெட்டிய யார் தட்டுவாங்கன்னு கேட்டேன். யாருமில்லக்கா, இவர் ஆன் பண்ணிட்டுப் பாடப் போயிருவாருன்னாங்க. போன்லயே அத முழுக்கப் பார்த்துக்கலாமாம். அதையும் சொல்லிக் குடுத்துட்டாங்க."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"வயர் யார் இழுக்கிறது? திரைக் கம்பி எத்தன மாசமா சும்மா கிடந்துச்சு?"

"லெட்சுமி போன் பண்ணது?"

"நீங்க எங்க போனீங்கன்னு அவங்கதான் எங்கிட்ட சொன்னாங்க, நான்தான் போன் பண்ணச் சொன்னேன். வாங்கன்னு கூப்பிட்டா வருவீங்களா? வேற யாரோ வராங்கன்னா வந்துருவீங்கன்னு தெரியும்."

சோபாவில் இப்போது பார்சல் இல்லை. நான் உட்கார்ந்தேன். அவள் சூடாகத் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். முகத்தில் கவலை இல்லை. அது ஒரு விதத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் தோற்றவனுக்கும் கடைசியாக ஒரு சீட்டு இருக்குமே. என் சூப்பர்வைசர் பிரவினிடம் பேசி, சனிக்கிழமை ஷிப்டைக் கேட்டு வாங்கிவிட்டால் போதும். கிடங்கில் கேமரா கிடையாது.

"மேரி, வேலையிடத்துல ஆள் பத்தலையாம்" என்று ஆரம்பித்தேன். "அடுத்த வாரத்துல இருந்து எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட் போடுவாங்க போலிருக்கு."

அவள் விற்ற சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பார்சல் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"போட மாட்டாங்க. பிரவின் வீட்டம்மா விஷ்ணுப்ரியா இன்னைக்குத்தான் லைவ் பார்த்தாங்களாம். உங்களுக்கு இனிமே சனிக்கிழமை எப்பவும் லீவுன்னு அவங்களே சொல்லிட்டாங்க."